முப்பத்தைந்தில் நின்ற முள்

வேலை முடிந்ததும் கையை மண்ணெண்ணெயில் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவாமல் நான் சோற்றைத் தொடமாட்டேன், இன்ஸ்பெக்டர் ஐயா. ரயில்வே பட்டறையில் இதற்காகவே என்னைக் கேலி செய்வார்கள். அம்மா இறந்த பிறகு என் தங்கை சூசனையும் அப்படித்தான் வளர்த்தேன். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுத் தட்டுகளில் முகம் பார்க்கலாம்.

அவளைக் கட்டிய கிரிகரி கெட்டவன் அல்ல. குடிக்கமாட்டான், அவள்மேல் கை ஓங்கமாட்டான். அதை நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மெல்லுவான். குழம்பு முழங்கை வரை வழியும், அதை நக்குவான். தொண்டையில் இருப்பதைக் காறி வாய்க்குக் கொண்டுவந்து, துப்பலாமா என்று யோசிப்பவன்போல் அங்கேயே வைத்திருந்து, விழுங்கிவிடுவான். ஒருநாள் என் திருப்புளியை எடுத்துக் காது குடைந்துவிட்டு, துடைக்காமல் பெட்டியில் போட்டான். நான் அதைச் சாக்கடையில் எறிந்தேன்.

போன வருஷக் கடைசியில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினான். ஹேண்டில்பாரில் விளக்கைத் தவிர ஒன்றுமில்லை, வேகம் காட்டும் மீட்டர்கூட இல்லை. சூசன் பிள்ளையுண்டாகியிருந்தாள். இரண்டு பேரும் என்னிடம் வந்தார்கள்.

"அண்ணே, முப்பத்தஞ்சு மைலுக்கு மேல ஓட்டமாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணியிருக்காரு. முள்ளு இருந்தாத்தானே தெரியும்? நீங்களே செஞ்சி குடுங்கண்ணே."

"மச்சான் செஞ்சா ஷோக்கா இருக்கும் லா," என்றான் அவன். வெற்றிலைச் சாறு என் சட்டையில் தெறித்தது.

அன்று எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். மீனை வாயில் போட்டு, நாக்கால் முள்ளைப் பிரித்துத் துப்பிவிட்டு, மிச்சச் சதையை விரலால் எடுத்து அவளுக்கு ஊட்டினான். நான் வளர்த்த பெண் சிரித்துக்கொண்டே அதைத் தின்றாள். அவள் வயிற்றைப் பார்த்தேன். அவன் எச்சில்தான் உள்ளே கை கால் முளைத்து வளர்கிறது என்று தோன்றியது. எழுந்துபோய் வாந்தி எடுத்தேன்.

பித்தளைத் தகட்டை வெட்டி, ராவி, மினுக்கினேன். நடுவில் வேகம் காட்டும் மீட்டர், இடப்பக்கம் எண்ணெய் மீட்டர், வலப்பக்கம் சின்னக் கடிகாரம். அவ்வளவு அழகான வேலை என் கையால் இதுவரை வந்ததில்லை. முன்சக்கரத்திலிருந்து மீட்டருக்கு வரும் கம்பியின் அடியில் ஒரு சிறு பல்சக்கரம் உண்டு. அதை மட்டும் மாற்றினேன். வண்டி ஐம்பதில் ஓடினால் முள் முப்பத்தைந்து காட்டும். வண்டி ஓட்டப் புதிதாகப் பழகியவன் முள்ளைத்தான் நம்புவான். அவனும் நம்பினான். சத்தியத்தை அவன் மீறவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, செமினியில் இருக்கும் அவன் அம்மாவைப் பார்க்கக் கிளம்பினான். தனியாகப் போவான் என்றுதான் நினைத்தேன். சூசனும் பின்னால் ஏறினாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அப்போது அவன் கடைவாயில் ஒழுகியதை அவள் விரலால் வழித்தாள். அந்த விரலைத் துடைக்காமலே எனக்குக் கையசைத்தாள்.

"போய்ட்டு வரேண்ணே."

நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

காஜாங் தாண்டிய வளைவில் வண்டி பறந்து வந்தது என்று அவர்கள் மோதிய லோரிக்காரன் சொல்லியிருக்காவிட்டால், நீங்கள் மீட்டரைக் கழற்றிப் பார்த்திருக்கமாட்டீர்கள். முள் முப்பத்தைந்திலேயே சிக்கி நின்றதாமே. என் வேலை அப்படி.

கொன்றது நான்தான். வயிற்றில் இருந்ததையும் சேர்த்து எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். இரண்டு பேரையும் ஒரே குழியில் வைக்கவேண்டும் என்று கிரிகரியின் அம்மா அழுகிறாளாம். பங்குச் சாமியாரிடம் சொல்லித் தடுத்துவிடுங்கள். என் தங்கையை இப்போதுதான் அவனிடமிருந்து மீட்டிருக்கிறேன், ஐயா.