ஆமை நிக்கிற இடம்

— திரும்பவும் நின்னுடுச்சு பாரு! என் மேசைக்கு நேரா, அதே இடத்துல. உன் ஆமை வண்டிக்கு என் மேல என்னப்பா கோபம்?

— கோபமெல்லாம் இல்ல சிஸ்டர். பேட்டரி ஃபுல்லா இருக்கு. சக்கரமும் நல்லாத்தான் சுத்துது.

— அப்புறம் என்ன கேடு? வார்டுல ரத்த சாம்பிள் ட்யூபை ஏத்தினா, ஆள் துணை இல்லாம லேப் வரைக்கும் போகணும். அதுதானே பேச்சு? மூணு மணிக்குப் பெரிய டாக்டர் பார்க்க வர்றார். வழியில நின்னா பழைய சாமான் ரூம்ல போட்டுடுன்னு சொல்லியிருக்கார்.

— தெரியும் சிஸ்டர். போட்டுட்டா மறுபடி நீங்கதான் ஒரு நாளைக்கு நாப்பது தடவை லேபுக்கு நடக்கணும். அந்த முட்டியோட.

— என் முட்டியை விடு. வயரிங் பார்க்கிற ஆளுக்கு இந்த வேலை எதுக்குன்னு அன்னைக்கே கேட்டேன். பொம்மைக் கார் சக்கரம், உடைஞ்ச போன்ல பிடுங்கின கேமரா, ஊசி வைக்கிற ட்ரே...

— மூளையும் தீப்பெட்டி அளவுதான். அங்கதான் சிக்கலே. சொந்தமா யோசிக்க அதுல இடம் இல்ல சிஸ்டர். நாம ரிமோட்ல ஓட்டுறப்போ பார்த்து வெச்சுக்கும், அதையே செய்யும். நாம வளைஞ்ச இடத்துல வளையும், நின்ன இடத்துல நிக்கும்.

— அப்போ ஓட்டுறப்போ நீ இங்க நின்னிருக்கே.

— ...நின்னேன்.

— எதுக்கு?

— சும்மாதான். ஒரு வணக்கம் சொல்ல.

— ஒவ்வொரு தடவையுமா?

— என் பொண்ணு மூச்சு விட முடியாம ஆறு நாள் கிடந்தாளே சிஸ்டர். ட்யூட்டி முடிஞ்சும் நீங்க வீட்டுக்குப் போகாம அவ பக்கத்துலயே உட்கார்ந்திருந்தீங்க. இன்னைக்கு ஸ்கூல்ல மாடிப்படியை ரெண்டு ரெண்டா தாண்டுறா. உங்க மேசையைச் சும்மா தாண்டிப் போக எனக்குக் கால் வரல.

— அட போப்பா, அது என் வேலை. கண்ணைத் துடை, பேஷண்டெல்லாம் பார்க்கிறாங்க. இங்க நிக்காதேன்னு அதுல எழுதிப் போட்டுடேன்.

— போட்டா, குறுக்கே ஆள் வந்தாலும் நிக்காது. அதுக்குத் தெரியறதே கட்டை விரல் அளவுக்கு மங்கலா ஒரு படம். மேசை எது, மனுஷன் எதுன்னு பிரிச்சுப் பார்க்க வராது.

— சரி, வேற ஆளை ஓட்டச் சொல்லு. உன்னை மாதிரி அழுமூஞ்சியா இல்லாம.

— நேத்தே செஞ்சுட்டேன். நான் ஓட்டினதை எல்லாம் அழிச்சுட்டு வாட்ச்மேன்கிட்ட ரிமோட்டைக் கொடுத்தேன்.

— சரியான ஆள்தான். சிரிக்கக்கூட காசு கேட்பார். அப்புறம்?

— இங்க வந்து நிறுத்தி, அவர் சம்சாரத்துக்கு சுகர் குறைஞ்சுடுச்சுன்னு உங்ககிட்ட சொன்னாரே, மறந்துட்டீங்களா?

— அட, ஆமா!

— அதையும் அழிச்சேன். அடுத்து கூட்டுற அக்கா ஓட்டினாங்க. இங்க வந்ததும் நின்னு, முட்டிக்கு மாத்திரை போட்டீங்களான்னு கேட்டாங்க. அதுவும் போச்சு. இன்னைக்குக் காலைல பெரிய டாக்டரோட டிரைவர்.

— அவர் என்கிட்ட ஒண்ணும் பேசலையே. நான் வார்டுக்குள்ள ஓடிட்டு இருந்தேன்.

— அவங்க அம்மா கால் புண்ணுக்கு மூணு மாசம் நீங்கதான் கட்டு மாத்தினீங்களாம். உங்க காலி நாற்காலியைப் பார்த்தே ரெண்டு நிமிஷம் நின்னுட்டுப் போனார். பத்து ரவுண்டும்.

— பாவிகளா... இப்போ என்னையும் அழ வைக்கிறே. மணி பதினொண்ணு ஆச்சு. மூணு மணிக்கு என்ன பண்ணப் போறே?

— அதான் உங்ககிட்ட வந்தேன். இந்தாங்க, ரிமோட்டைப் பிடிங்க. பத்து ரவுண்டு ஓட்டினா போதும். அது கத்துக்க ஒரு மணி நேரம். மூணுக்குள்ள தயாராயிடும்.

— நானா? எனக்கு டிவி ரிமோட்டே ஒழுங்கா அழுத்த வராது. இத்தனை பேர் இருக்க, நான் எதுக்குப்பா?

— இந்த ஆஸ்பத்திரியில உங்க மேசைகிட்ட நிக்காம போறது நீங்க ஒருத்தர்தான் சிஸ்டர்.