வாலுக்கு மூணு சக்கரம்

ஆமா தம்பி, இந்த ப்ளேன் இழுக்கும். வலது பக்கம் இழுக்கும். பெட்ரோல் போடற எடத்துல சொன்னாங்களாக்கும்? எங்க ப்ளேன் சங்கத்து வெண்டலாத்தான் இருக்கும், வேற யாரு. நான் ஒண்ணும் மறைக்கப் போறதில்ல. எறங்கி ஓடுறப்ப, வேகம் கொறையற நேரத்துல, சரேல்னு வலப்பக்கம் திரும்பி அதோ அந்த சோயா வயலுக்குள்ள பூந்துடும். ஒன்றரை வருஷத்துல ஆறு தடவ. நீங்க நாலு மணி நேரம் கார் ஓட்டிக்கிட்டு ப்ளேன் வாங்க வந்திருக்கீங்க. அது ஏன் அப்படிப் பண்ணுச்சுன்னு முழுசாச் சொல்லாம உங்க கையில குடுக்க மாட்டேன். உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேரு வந்தாங்க. அலமாரில வரிசையா வால் சக்கரம் இருக்கறதப் பாத்துட்டு, யோசிச்சுச் சொல்றோம்னு போனாங்க. போனவங்கதான்.

உக்காருங்க. அந்த டப்பா மேலயே உக்காரலாம், தாங்கும். காபி ஊத்தவா? பால் கெடையாது.

நீங்க இதுவரைக்கும் மூக்குச் சக்கரம் வெச்சதுதான் ஓட்டியிருக்கீங்க, இல்ல? அதான். அதுல காலுக்கு வேலையே கெடையாது, ஷூ போட்டுக்கறதோட சரி. இது அப்படி இல்ல. தரைக்கு வந்துட்டா இத நேராப் புடிக்கறது ரெண்டு காலுந்தான். எடது பெடல அமுக்குனா வால்ல இருக்கற இந்தச் சின்னச் சக்கரம் எடப்பக்கம் திருப்பும், வலது அமுக்குனா வலப்பக்கம். நிக்கற வரைக்கும் கால் வேலை செஞ்சுக்கிட்டே இருக்கணும். கொஞ்சம் அசந்தா வாலு முன்னாடி வந்து நிக்கும்.

பதிமூணு வருஷம் ஆச்சு இதக் கட்டி முடிக்க. கார் நிறுத்தற ஷெட்டுல வெச்சு. உள்ள இரும்புக் குழாய், மேல துணி. ஒவ்வொரு பத்தவைப்பும் என் கையால பண்ணது. இறக்கைக்குத் துணி ஒட்டிக்கிட்டிருந்தப்பதான் என் பொண்டாட்டி அரிசோனா போனா. தங்கச்சியப் பாத்துட்டு வரேன்னா. இன்னும் பாத்துக்கிட்டிருக்கா.

பின் சீட்டு டெல்மரோடது. பயிருக்கு மருந்தடிக்கற ப்ளேன் முப்பது வருஷம் ஓட்டுனவன். கரண்டு கம்பிக்கு அடியில பூந்து வெளிய வர்ற ஆளு. நெஞ்சுல ஆபரேஷன் ஆனப்புறம் அவன ஓட்டக் கூடாதுன்னுட்டாங்க. மொத நாளே சொல்லிட்டேன், டெல்மர், இது நான் கட்டுன ப்ளேன், நான் மட்டுந்தான் ஓட்டுவேன், நீ பேசாம மூட்டை மாதிரி உக்காந்து வரணும்னு. பின்னாடி இருந்த, ப்ளேன் ஓட்டற ஸ்டிக்கையும் கழட்டி வெச்சுட்டேன். ஆர்லன், நீ ஓட்டறதப் பாத்தா மூட்டையே எகிறிக் குதிச்சுடும்டான்னான். அவன் வாய் அப்படி. சனிக்கிழமை காலைல எந்த ஊரு ப்ளேன் எறங்கற மைதானத்துல பான்கேக் சுட்டுப் போடறாங்கன்னு பாத்து ரெண்டு பேரும் போவோம். திங்கறதுக்கு அரை மணி, ஊர் வம்பு ரெண்டு மணி. திரும்பி வந்து இதே புல்லுல எறங்குவேன், கோடு கிழிச்ச மாதிரி நேரா. நீ எறங்கறது மட்டும் உருப்படியா இருக்குடான்னு அவனே சொல்லுவான். வேற யாரையும் அவன் பாராட்டி நான் கேட்டதில்ல.

போன வருஷம் ஏப்ரல்ல போயிட்டான். தூக்கத்துலயே.

மே மாசம் நான் தனியா ஏறுனேன். எறங்கறப்ப நேரா வயலுக்குள்ள. அப்ப வெறும் சேறு, அதனால தப்பிச்சேன். அப்ப வால்ல இருந்தது அந்தச் சின்னக் கட்டி ரப்பர் சக்கரம், கடைசில இருக்கு பாருங்க, அது. நம்ம சங்கத்துல நாலு பேரு வந்து குனிஞ்சு பாத்தாங்க. நாலு பேருக்கு அஞ்சு அபிப்பிராயம். பெடலையும் வால் சக்கரத்தையும் சேக்கற எடப்பக்கத்துச் செயின் தொங்குதுன்னான் ஒருத்தன். இறுக்குனேன். இழுத்துச்சு. அந்தச் செயின்ல இருக்கற ஸ்பிரிங்கு வலு இல்லன்னான் இன்னொருத்தன். மாத்துனேன். இழுத்துச்சு. வெண்டல் சொன்னான், கட்டி ரப்பர் புல்லப் புடிக்காது, காத்தடிச்ச டயரா பெருசாப் போடுன்னு. போட்டேன். அய்யோ, அது தரையத் தொட்டதும் சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டிச் சக்கரம் மாதிரி தடதடன்னு ஆட ஆரம்பிச்சுது, பல்லெல்லாம் கழண்டுடும் போல ஆயிடுச்சு. சக்கரத்தத் தாங்கற இரும்புப் பட்டை தொய்ஞ்சு போயி சக்கரம் சாஞ்சு நிக்குது, அதான்னாங்க. பட்டையக் கழட்டி வளைச்சுக் கொண்டாந்து மாட்டுனேன். ஆட்டம் நின்னுச்சு. இழுக்கறது நிக்கல.

அப்புறந்தான் இது, இப்ப மாட்டியிருக்கறது. தொட்டுப் பாருங்க. பெடலுக்குக் கட்டுப்படும், தேவைப்பட்டா விட்டுக் குடுத்து சுத்தியும் வரும். இதுக்கு மேல ஒரு வால் சக்கரம் கெடையாது. அஞ்சு வாரம் காத்திருந்து வாங்குனேன். எல்லாரும் காபியோட வெளிய வந்து நின்னு பாத்தாங்க. நேரா சோயாவுக்குள்ள போனேன். ஒருத்தரும் சிரிக்கல. சிரிச்சிருந்தா தேவல. அதுக்கப்புறம் நான் எறங்கறப்ப ஷெட்டுக் கதவத் தொறந்து யாரும் எட்டிப் பாக்கறதில்ல. பின்னாடி ஏறறியான்னு கேட்டா ஆளாளுக்கு வீட்ல வேலை இருக்கும். சனிக்கிழமை நான் வீட்லயே முட்டை பொரிச்சுத் தின்னேன். தனியா இருக்கறதுன்னா என்னன்னு அப்பத்தான் தம்பி தெரிஞ்சுது. பொண்டாட்டி போனப்பகூட எனக்கு அப்படி இல்ல.

அப்ப எனக்கு ஒரு யோசனை. டெல்மர் இருந்தவரைக்கும் நேராப் போச்சே, அவன் கனந்தான் வால அமுக்கிப் புடிச்சிருக்குன்னு. சிரிக்காதீங்க. கடினத் தண்ணிய மாத்தற மெஷினுக்குப் போடற உப்பு இருக்குல்ல, அதுல அஞ்சு மூட்டை வாங்கி, பின் சீட்ல அடுக்கி, பெல்ட்டு போட்டு இறுக்கிக் கட்டுனேன். டெல்மர் அளவு கனம். பறந்தேன், எறங்குனேன். அதே வயலு. அந்த ஆட்டத்துல ஒரு மூட்டை கிழிஞ்சு உள்ள பூரா உப்பு.

இரும்புல உப்பு பட்டா விட முடியுமா? அரிச்சுடும்ல. போன மாசம் முழங்கால் போட்டு, டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு, பிரஷ்ஷால பின்னாடி மூல முடுக்கெல்லாம் கூட்டுனேன். பின் சீட்டுக்கும் பெடல் உண்டு தம்பி. முன் பெடலோட சேத்துப் பத்தவெச்சது, கழட்ட முடியாது. நான்தான் மஞ்ச பெயின்ட் அடிச்சேன். வலது பெடல் அடிச்ச அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கு. எடதுல பெயின்ட்டே இல்ல. வெறும் இரும்பு, பளபளன்னு. பேசாம மூட்டை மாதிரி வரணும்னு டெல்மர்கிட்ட சொல்லியிருந்தேன்ல.

அங்கயே உக்காந்து பூட்ஸக் கழட்டுனேன். போல்ட்டு கழலாமக் கட்டற சின்னக் கம்பி நுனியால எடது பாதத்துல குத்திப் பாத்தேன். ரத்தம் வந்துச்சு, வலி வரல. சுகர்னு டாக்டர் எப்பவோ சொன்னாரு, நான்தான் காதுல வாங்கல. அஞ்சு வருஷம் முன்னாடி ஒரு நா, என் பூட்ஸக் கவுத்தப்ப உள்ளேர்ந்து ஒரு நட்டு விழுந்துச்சு. காலைலேர்ந்து அது மேலதான் நடந்திருக்கேன். டெல்மர் அதக் கையில எடுத்துப் பாத்தான். அப்புறம் என் பாதத்தப் பாத்தான். அந்த வாரத்துலேர்ந்து அவன் இல்லாம நான் ஒரு தடவகூட ஏறுனதில்ல. பேத்தி கல்யாணத்துக்குப் போன எடத்துலேர்ந்துகூட போன் போட்டு, காத்து சரியில்ல, போகாதன்னான். எனக்கு லைசென்ஸ், அவனுக்குக் காலு. மூணரை வருஷம் ரெண்டு பேரும் சேந்து ஒரு ஆளா ஓட்டியிருக்கோம், அதுல ஒருத்தனுக்குத் தெரியல.

சொல்லியிருக்கலாம், பாவி. ஒரு வாரம் பேசாம இருந்திருப்பேன். அடுத்த வாரம் நானே போயி அவன் கதவத் தட்டியிருப்பேன்.

இல்ல, வெண்டலுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது, உங்ககிட்டதான் சொல்றேன். ப்ளேன்ல கோளாறு இல்ல தம்பி, நல்ல கால் இருந்தா நேராப் போகும். சொல்லிக்குடுக்க ஆள் வெச்சு பத்து மணி நேரம் பழகிட்டு எடுத்துட்டுப் போங்க. வெலைய அப்புறம் பேசிக்கலாம், நீங்க சொல்றதுதான்.

இப்ப கெளப்ப வேண்டாம், சும்மா ஏறி முன்னாடி உக்காந்து பாருங்க. நான் பின்னாடி உக்காந்துக்கறேன். நான் அங்க உக்காந்ததே இல்ல. அந்த எடது பெடல்ல ஒரு தடவ கால வெக்கணும். வெச்சாலும் எனக்கு ஒண்ணும் தெரியப் போறதில்ல.