பீரோவுக்குள் ஒரு சுவீடன் துப்பாக்கி

உக்காருங்கம்மா. நின்னுகிட்டே பேசினா வீட்டுக்குப் போலீஸ் வந்த மாதிரி இருக்கு. ஆமா, போலீஸ்தான், இருந்தாலும். துப்பாக்கிப் பெட்டியைச் சோதிக்க பதினோரு மணிக்கு ஆள் வரும்னு ஃபோன்ல சொன்னாங்களா, யாரோ ஒரு டேவிட் வருவான்னு நினைச்சேன். பாத்தா பேட்ஜ்ல தாரிணின்னு போட்டிருக்கு. தமிழ் புரியுமில்ல? பாருங்க, ஓம்ங்கறீங்க. யாழ்ப்பாணம்! அப்பாவுக்கு எந்த ஊர்? சரி சரி, டியூட்டில இருக்கீங்க, கேக்கல.

பெட்டி எங்கம்மா போயிடப் போகுது? உள் ரூம்ல, கான்கிரீட்ல நாலு போல்ட் போட்டு நானே இறுக்கினது. சட்டம் எனக்கும் தெரியும். உள்ள ஏதாவது சரியில்லைன்னா இன்னிக்கே துப்பாக்கி உங்க வண்டில ஏறிடும், லைசென்ஸும் கூடவே போயிடும். அதுக்குத்தான் அவ்வளவு ஜாக்கிரதையா இருக்கேன். மூணு நிமிஷம், காபி போட்டுடறேன். வேணாமா? அதிரசம்? அதுவும் வேணாமா?

துப்பாக்கி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூணாம் வருஷத்துது. சுவீடன் ராணுவம். நூத்தி இருவது வருஷத்துல, எனக்குத் தெரிஞ்சு, ஒரு சண்டைக்கும் போகல. அந்த விஷயத்துல என்னை மாதிரி. கட்டைல ஒரு பித்தளை வில்லை பதிச்சிருக்கான், குழல் எவ்வளவு தேஞ்சிருக்குன்னு அதுல ஒரு முக்கோணக் குறி. யோசிச்சுப் பாருங்க, தன்னோட தேய்மானத்தைத் தன் உடம்புலயே எழுதி வச்சுகிட்டு நிக்குது! நம்ம மாப்பிள்ளை பயோடேட்டா ஒண்ணுலயாவது அந்த நேர்மை உண்டா?

எதிர்வீட்டு செந்தில்நாதனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் மூணு கார் மாத்திட்டான், ஒண்ணோட மேனுவலைக்கூடப் பிரிச்சதில்ல. துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, இதுல ப்ளூடூத் உண்டாங்கறான். இதுக்குத்தான் கப்பலேறி வந்தோம்.

லைசென்ஸ் பரீட்சையா? எழுதாம விடுவாங்களா? முழு மார்க். கேள்வித்தாள்ல ரெண்டு கமா தப்பா இருந்தது, அதையும் திருத்திக் குடுத்தேன். வாத்தியார் என்னையே பாத்துகிட்டு இருந்தார், சந்தோஷத்துலன்னு நினைக்கறேன். லைசென்ஸ் இல்லாதவங்க கைல பெட்டிச் சாவி போகக்கூடாது, கட்டின பொண்டாட்டியா இருந்தாலும் சரி. அந்தக் கேள்விக்கு ஒரு வரி போதும்னாங்க, நான் ஒரு பக்கம் எழுதினேன்.

சுட்டேனான்னு கேளுங்க. கேக்கலையா? சொல்றேன். இந்தத் துப்பாக்கியோட குறியே முன்னூறு மீட்டர்லதான் ஆரம்பிக்குது. நூறு மீட்டர்ல நேராக் குறி வச்சா குண்டு மேல போயிடும். துப்பாக்கி சுடற கிளப்ல இதைப் பத்து பேருக்கு நின்னு விளக்கினேன். அப்புறம் படுத்து, நேராக் குறி வச்சு, அஞ்சு குண்டு சுட்டேன். பக்கத்துல ஒரு பிளம்பர், ஒரு ஓட்டைகூட விழாத குறி அட்டையைப் பாத்துட்டு, மேகமெல்லாம் செத்துப் போச்சுங்கறான்.

அன்னிக்குப் புளியோதரை கட்டி எடுத்துகிட்டு பத்மாவும் வந்திருந்தா. என் வொய்ஃப். சும்மா ஒரு ஃபாரம்ல கையெழுத்து போட்டா கிளப்காரங்க பக்கத்துல நின்னு சுட விடுவாங்க. பிளம்பர் அவகிட்ட, அட்டைக்கு அடில குறி வைங்கன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னான். அஞ்சுல நாலு நடுவுல. எழுந்து புடவையைத் தட்டிவிட்டுட்டு, இவ்வளவுதானா, இதுக்கா ஒன்றரை வருஷம் படிச்சீங்கன்னு கேட்டா. அதிலேருந்து நானும் போகல. சுத்தம் பண்ணி எண்ணெய் போடறதோட சரி.

சாவியா? இதோ, பாக்கெட்லயே இருக்கே. அட, இது தோட்டாப் பெட்டிச் சாவி. தோட்டா தனிப் பெட்டி, தனிப் பூட்டு, அதை வேணா முதல்ல பாக்கலாமே? அப்புறமாவா? சரி.

மணி என்ன, பதினொண்ணரையா? முகூர்த்தம் பத்தரைக்கு முடிஞ்சிருக்கும், சாப்பாட்டுக்கு நிக்காம வான்னு மெசேஜ் போட்டேன். பந்தில உக்காந்துட்டா போல.

வந்து... சாவி லிட்கம்ல இருக்கும்மா. கல்யாண வீட்டுல. பத்மா கைப்பைல.

இல்ல, தப்பா எடுத்துக்காதீங்க. பெட்டியை இறக்கின அன்னிக்கே சுத்திச் சுத்தி வந்தா. ஊர்ல நகைக்கு பேங்க் லாக்கர் இருந்தது, இங்க போன வருஷம் ரெண்டு தமிழ் வீட்ல புகுந்து தாலிக்கொடி வரைக்கும் வாரிட்டுப் போனாங்க, உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். ஒரு கட்டைக்கு இவ்வளவு பெரிய பீரோவான்னு கேட்டா. முதல்ல ரெண்டு வளையல்தான். அப்புறம் வெள்ளி விளக்கு. அப்புறம் பட்டுப்புடவை. போன தீபாவளியோட சாவியே அவ சாவிக் கொத்துக்குப் போயிடுச்சு. எண்ணெய் போடணும்னா நான்தான் அவகிட்ட பர்மிஷன் கேக்கறேன்.

எழுதிக்கறீங்களா? எழுதிக்குங்க. வேற என்ன பண்ண முடியும் உங்களால. தாரிணிக்கு எத்தனை சுழி ணின்னு... ஓ, இங்கிலீஷ்லயா எழுதறீங்க.

அந்தா, அவ கார்தான். திறந்ததும் சட்டுனு வெளிய இழுத்துடாதீங்கம்மா. குழல் நுனில காசுமாலையும் ரெண்டு ஆரமும் தொங்கும். அதுல மாட்டினாத்தான் சிக்கு விழலையாம். இந்த வீட்ல சும்மா நிக்காம ஒரு வேலை செய்யறது அது ஒண்ணுதான்னு அவ எப்பவும் சொல்வா.