பின்னால நடக்க மறந்த செவலை

தீர்த்தம்மாள்: ...அதெல்லாம் இருக்கட்டும், மொதல்ல உக்காரு பச்சியப்பா.

பச்சியப்பன்: நிக்கறேங்கக்கா.

தீர்த்தம்மாள்: பக்கத்துக் காட்டுக்காரன் நின்னுக்கிட்டே பானகம் குடிச்சா நல்லாவா இருக்கு?

பச்சியப்பன்: நின்னா சீக்கிரம் செரிக்குங்க. நீங்க செவலைக் காளையைச் சொல்லுங்க.

தீர்த்தம்மாள்: அத்த ஏன் கேக்கற! போன மாசம் கெணத்துல தண்ணி எறைக்கக் கவலை ஓட்டறப்ப சிறுத்தையப் பாத்து அரண்டுச்சில்ல? அன்னையிலருந்து தண்ணியை இழுத்துக்கிட்டு சரிவுல எறங்கும்... பின்னாலயே நடந்து மேல ஏறணுமே, அது மறந்து மரமாட்டம் நிக்கும்.

பச்சியப்பன்: ராகி வேற வாடிப் போச்சு...

தீர்த்தம்மாள்: இன்னைக்குக் கடத்தூர் சந்தையில கசாப்புக்குத்தான்னு அழுதுக்கிட்டு கெடந்தேன். இந்த யுத்த காலத்துல வேற காளைக்கு எங்க போவேன்? வெடியக்காலையில மறுபடியும் ஒரு சிறுத்தை வந்து உறுமுச்சு பாரு... துள்ளுன செவலை, நேரா கெணத்தடிக்குப் போயி பின்னால பின்னால நடக்குது!

பச்சியப்பன்: செவலை எங்க காட்டுக்கே வந்துச்சுங்களே. வைக்கப்போரை ஒரு சுத்து சுத்திட்டு, பின்னாலயே திரும்பிப் போச்சு.

தீர்த்தம்மாள்: அளக்காத.

பச்சியப்பன்: சத்தியமாங்க. வாலு மொதல்ல வந்துச்சு, கொம்பு கடைசியாத்தான் வந்துச்சு.

தீர்த்தம்மாள்: தருமபுரி மாட்டு டாக்டரு சொன்னாரே... பயந்தா ஒடம்புல ஏதோ நீரு ஊறி ரத்தத்துல கலக்குமாம். அது அளவு மிஞ்சுனா ஞாபகத்தைப் பூட்டிப்புடுமாம். அதே நீரு லேசா ஊறுனா, பூட்டு தொறந்தாலும் தொறக்குமாம்.

பச்சியப்பன்: அப்படியாங்க? எனக்குத் தெரியாதே.

தீர்த்தம்மாள்: நீதான அன்னைக்கு மாட்டைப் புடிச்சிக்கிட்டு நின்ன?

பச்சியப்பன்: மாட்டைத்தாங்க புடிச்சேன். காதைக் குடுக்கலை.

தீர்த்தம்மாள்: அப்ப வந்தது நெசச் சிறுத்தை?

பச்சியப்பன்: பின்ன? வத்தல்மலையிலருந்து எறங்கியிருக்கும்.

தீர்த்தம்மாள்: இருமுச்சே.

பச்சியப்பன்: மலைக்குளிருங்க.

தீர்த்தம்மாள்: செவலை ஒதைச்சப்ப 'ஐயோ ஆத்தா'ன்னுச்சே.

பச்சியப்பன்: ...வலிச்சா அதுவும் ஆத்தாளத்தான கூப்புடும்?

தீர்த்தம்மாள்: சரி, உக்காரு.

பச்சியப்பன்: நிக்கறேங்க.

தீர்த்தம்மாள்: உப்பு வறுத்து முடிஞ்சு வெச்சிருக்கேன். சிறுத்தைக்கு ஒத்தடம் குடுக்க.

பச்சியப்பன்: ...எப்பங்கக்கா கண்டுபுடிச்சீங்க?

தீர்த்தம்மாள்: கண்டுபுடிக்கறதா! நான் போயி உறுமுனா செவலை என் கையை நக்கும். அதான் கம்பளிக்குக் கரியில புள்ளி வெச்சு, நீ போத்திக்கிட்டு வருவேன்னு உன் வேலியில காயப் போட்டுட்டு வந்தேன். குடுத்துட்டுப் போ, அலசணும்.