நான்கு விரல் கடிவாளம்

இந்த மதிய விருந்துக்குத் தலைமையேற்று, நான் வாய் திறக்கும் முன்பே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட டன்லோ ரோடியோ வீர விளையாட்டுக் குழுத் தலைவர் ஹார்லன் பிக்ஸ்லி அவர்களே. எங்களுக்காக மட்டுமல்லாமல் காளைகளுக்காகவும் ஜெபித்து முடித்த போதகர் அவர்களே. முப்பத்தைந்து ஆண்டுகளாக வேலியோரம் அமர்ந்து எங்கள் பிழைகளை ஒன்றுவிடாமல் எண்ணி வைத்திருக்கும் பெரியவர்களே. ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் கடிவாளமுமாக வாழ்ந்து காட்டிய தாய்மார்களே. விடியற்காலையிலிருந்து அடுப்பின் முன் நின்று இறைச்சி வாட்டிய சகோதரர்களே. வெளியே லாரி நிழலில் சேணத்தோடு காத்து நிற்கும் பதினாறு குதிரைகளே. என் உயிருக்கு இணையான டன்லோ வானம்பாடிகள் குதிரை அணிப் பெண்களே. உங்கள் அனைவருக்கும் நடீன் க்ரெப்ஸின் வணக்கம்.

ஒலிபெருக்கியில் ஏதோ சலசலக்கிறதே என்று பார்க்கிறீர்கள். அது காற்று அல்ல. என் கையில் இருக்கும் தாள். நான்தான் அதை மடித்து மடித்துப் பிரிக்கிறேன். இருபத்திரண்டு ஆண்டுகள் கொடி பிடித்துக் குதிரை ஓட்டிய கை இது. இன்று ஒரு தாளைச் சும்மா விட மாட்டேன் என்கிறது. ஏன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

உங்கள் ஒவ்வொருவர் தட்டின் அருகிலும் நீல அட்டை போட்ட சிறு புத்தகம் இருக்கிறது. நம் அணியின் வரலாறு. எழுதியவள் நான். அதை வாசித்துக் காட்டத்தான் என்னை அழைத்தார்கள்.

வரலாறு எங்கே தொடங்கியது? அரண்மனையிலா? இல்லை. அலுவலகத்திலா? இல்லை. பழப்பணியார விற்பனை மேசையில் தொடங்கியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் ஆண்டு ஜூலை மாதம். அன்று காளையும் குதிரையும் அடக்கும் இந்த ஊர் ரோடியோவில் பெண்களுக்கு இரண்டே வேலைகள். ஒன்று, செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பணியாரம் விற்பது. மற்றொன்று, அழகாக இருந்தால் தோளில் அழகிப் பட்டை அணிந்து கையசைப்பது. அன்று காளைகளை ஏற்றி வந்த லாரி ஆற்றுப்பாலத்தருகே சேற்றில் சிக்கியது. களம் காலி. வெயில் ஏறுகிறது. கூட்டம் எழுந்து போகத் தொடங்குகிறது. ஒலிபெருக்கிக்காரரிடம் சொல்வதற்கு நகைச்சுவையும் தீர்ந்துவிட்டது.

விற்பனை மேசையில் நின்றிருந்த ஓபல் மெர்சர் சமையல் மேலங்கியை அவிழ்த்தாள். மேசை விரிப்பை உருவினாள். அதை ஒரு கம்பில் கட்டினாள். "ஏழு பேர் வாங்கடி, குதிரை இருக்கிறவங்க மட்டும்" என்றாள். வாசலில் நின்ற ஒருவர் கேட்டார்: "என்ன ஓபல், அடுப்புல உப்பு தீர்ந்துபோச்சா, இந்தப் பக்கம் வர்ற?" ஓபல் சொன்னாள்: "உப்பு இருக்குய்யா. உங்க ரோடியோவுலதான் ஒண்ணையும் காணோம். வழிய விடு."

சிரிக்கிறீர்கள். அந்த மனிதரின் மகன் இதோ மூன்றாவது மேசையில் இருக்கிறார், அவரும் சிரிக்கிறார். நன்றி, ஐயா.

எட்டுப் பெண்கள், எட்டுக் குதிரைகள், எட்டு மேசை விரிப்புகள். குளம்பு குலுங்க, கொடி குலுங்க, குழுமியிருந்த கூட்டமே குலுங்கியது. போனவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். இன்றுவரை நம் முதல் கொடி அந்தச் சிவப்புக் கட்டம் போட்ட விரிப்புதான். அதன் மூலையில் செர்ரிக் கறை இருக்கிறது. அதைத் துவைக்கக் கூடாது என்பது நம் சட்டம்.

எட்டு, பன்னிரண்டானது. பன்னிரண்டு, பதினாறானது. பிறகு வந்தது கத்திரி. தெரியாதவர்கள் இந்த மண்டபத்தில் யார்? ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இன்று அதில்தான் எல்லாம் இருக்கிறது. எட்டுக் குதிரைகள் இடது மூலையிலிருந்து, எட்டுக் குதிரைகள் வலது மூலையிலிருந்து, நாலுகால் பாய்ச்சலில் களத்தின் நடுவுக்கு வரும். இடதில் ஒன்று கடக்கும், அதன் வாலைத் தொட்டபடி வலதில் ஒன்று கடக்கும், மீண்டும் இடது, மீண்டும் வலது. இரண்டு குதிரைகளுக்கு நடுவே ஒரு குதிரை நுழையும் இடம்தான் உண்டு. அதற்கு மேல் ஒரு முழம்கூடக் கிடையாது.

அதற்கு ஓபல் வைத்த விதி ஒன்றே ஒன்று. "எதிர்ல வர்றவள பாக்காத. முன்னால போறவ முதுகப் பாரு. கடிவாளத்தத் தொடாத. நீ வேகத்த மாத்தினா உன்ன நம்பி வர்றவ செத்தா."

தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். "சுருக்கமாக" என்று எழுதியிருக்கிறது. ஹார்லன், இரண்டு மணிக்கு நான் குதிரைமேல் இருக்க வேண்டும் என்பது உங்களைவிட எனக்கு அதிகமாகத் தெரியும். இன்னும் ஐம்பது நிமிடம் இருக்கிறது.

இப்போது எல்லோரும் பதினோராம் பக்கத்தைத் திருப்புங்கள்.

ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய ரோடியோ. வாசிக்கிறேன். "கத்திரியின்போது வெர்னா டோலிவரின் குதிரை கட்டுக்கடங்காமல் வேகமெடுத்து நடீன் க்ரெப்ஸின் குதிரைமீது மோதியது." அவ்வளவுதான். ஒரே வரி. ஜூனிபர் என்ற வெர்னாவின் செங்குதிரைக்கு முன்கால் முறிந்தது. களத்தின் நடுவிலேயே, கூட்டம் பார்க்காதபடி திரை பிடித்து, அதன் உயிரை முடித்தார்கள். தூக்குப் படுக்கையில் கிடந்த வெர்னா, தன் உடைந்த இடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "திரைய ஏன் பிடிக்கிறாங்க?" என்று மட்டும் கேட்டாள். அவள் பிறகு குதிரை ஏறவில்லை. நான் அணித் தலைவி ஆனேன். கத்திரியை அன்றோடு நிறுத்தினோம்.

நண்பர்களே, அந்த வரி பொய்.

இல்லை, ஹார்லன், உட்காருங்கள். அச்சுப்பிழை என்று நான் சொல்லவில்லை. பொய் என்கிறேன். என் கையால், என் பேனாவால், என் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதிய பொய்.

அன்று களத்துக்குத் தண்ணீர் தெளிக்கவில்லை. புழுதி எழுந்து நின்றது. முன்னால் போனவளின் முதுகு மறைந்தது. நான் தலையைத் திருப்பினேன். எதிரே வெர்னா வந்தாள். அவள் பயப்படவில்லை. உதடு அசைய எண்ணிக்கொண்டு வந்தாள், ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று. பயந்தவள் நான். கடிவாளத்தை இழுத்தேன். எவ்வளவு? நான்கு விரல். இதோ, இவ்வளவுதான். என் குதிரை ஒரு தப்படி தயங்கியது. கடந்து போயிருக்க வேண்டிய இடத்தில் நான் நின்றேன். வெர்னா ஒரு நொடிகூட முந்தவில்லை. அவள் சரியான நேரத்தில், சரியான இடத்துக்கு, என்னை நம்பி வந்தாள். பார்த்தவர்கள் கண்ணுக்கு அவள் மோதினாள். உண்மையில் நான் அவள் வழியில் நின்றேன்.

ஏன் அன்றே சொல்லவில்லை? கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மருத்துவமனை வாசலில் எல்லோரும் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். "நல்லவேளை, உனக்கு ஒண்ணும் ஆகல. வெர்னா குதிரை எப்பவுமே முரடுதான்" என்றார்கள். நான் தலையாட்டவில்லை. மறுக்கவும் இல்லை. மறுக்காமல் இருந்தால் போதுமே, பொய் தன் காலில் தானே நடக்கும். ஆறு ஆண்டு நடந்தது. புத்தகத்துக்குள்ளும் ஏறி உட்கார்ந்தது.

அப்படியானால் இன்று மட்டும் ஏன் சொல்கிறாள்? மனசாட்சி விழித்துக்கொண்டதா? அப்படிச் சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். நான் பயந்து சொல்கிறேன்.

நேற்றுக் காலை ஒத்திகை. ஆறு ஆண்டுக்குப் பிறகு முதல் கத்திரி. வலது வரிசையில் ஐந்தாவதாக வருபவள் ட்வைலா, வெர்னாவின் மகள், பத்தொன்பது வயது. அவள் கடந்ததும் அந்த இடைவெளிக்குள் நுழைய வேண்டியவள் நான். நடுவுக்கு வந்தோம். அவள் கை பின்னால் போனதைப் பார்த்தேன். நான்கு விரல். என் குதிரையின் மார்பு அவள் குதிரையின் பின்தொடையை உரசியது. எப்படித் தப்பினோம் என்று எனக்குத் தெரியாது. இறங்கியதும் கேட்டேன், "ஏன் இழுத்த?" அவள் சொன்னாள்: "அம்மா மாதிரி வேகமா வந்து யாரையும் இடிச்சிடக் கூடாதுல்ல. அதான் நடீன், கொஞ்சம் அடக்கிப் பிடிச்சேன்."

கேட்டீர்களா? என் பொய் அந்தப் பெண்ணுக்குப் பாடமாகிவிட்டது. வேகம் கொன்றது என்று எழுதினேன்; அவள் தயங்கக் கற்றுக்கொண்டாள். அவள் மட்டுமா? அணியில் இருக்கும் ஏழு புதுப் பெண்களும் அதே கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஏழு பேரும் கடிவாளத்தில் விரலை வைத்துக்கொண்டுதான் களத்துக்குள் வரப் போகிறார்கள். நேற்றிரவு நான் தூங்கவில்லை. கத்திரியை நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன். நிறுத்தினால் பதினோராம் பக்கத்துப் பொய்யே உண்மை என்று நிலைத்துவிடும்.

ட்வைலா, எங்கே இருக்கிறாய்? கதவருகேயா? கேள், மகளே. உன் அம்மா வேகமாக வரவில்லை. இந்த அணியில் ஏறிய பெண்களிலேயே எண்ணிக்கை தவறாதவள் அவள். இன்று நடுவுக்கு வரும்போது என்னைப் பார்க்காதே. உன் கையைத் தாழ்த்து. நீ தயங்காவிட்டால் நான் உன் பின்னால் பத்திரமாகக் கடப்பேன். நீ தயங்கினால் நான் உன்மேல் வருவேன், அது உன் பிழையாக இருக்காது, என் பிழையாகவே இருக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள் பாக்கி. கத்திரிக்கு விசில் ஊதுபவள் வாசலில் நின்று இரண்டு வரிசையையும் பார்க்க வேண்டும். ஓபல் போன பிறகு மற்ற ஆட்டங்களுக்கு நான் குதிரைமேல் இருந்தபடியே ஊதி வந்தேன், கத்திரிக்கு அது சரிப்படாது. இதோ, ஓபலின் விசில். இதை ஊதத் தகுதி உள்ளவர் இந்த மண்டபத்தில் ஒருவர்தான். கடைசி மேசையில், காப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வெர்னா, என்னை மன்னிக்கும்படி இத்தனை பேர் முன்னால் கேட்டு உன்னை நெருக்க மாட்டேன். உன் மகளுக்காகக் கேட்கிறேன்.

எழுகிறாள். வழி விடுங்கள், நாற்காலியை நகர்த்துங்கள். என்ன வெர்னா? எல்லோருக்கும் கேட்கும்படிச் சொல். சரி, உன்னால் முடியாவிட்டால் நானே சொல்கிறேன். "எனக்கு அன்னிக்கே தெரியும். உன் கை பின்னால போனத நான் பாத்தேன். உன் மேல கோவம் போகல, போகவும் போகாது. விசில இப்படிக் குடு" என்கிறாள்.

கொடுத்துவிட்டேன். கை தட்டாதீர்கள், தயவுசெய்து. இதில் தட்டுவதற்கு எதுவும் இல்லை. களத்தில் பதினாறாவது குதிரை கடந்த பிறகு தட்டுங்கள், அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

விருந்து சமைத்தவர்களுக்கு நன்றி. பொறுமையாகக் கேட்ட பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் நன்றி. சீட்டு அனுப்பிய தலைவருக்கும் நன்றி. பதினோராம் பக்கத்தை உங்கள் புத்தகத்திலிருந்து அவரவரே கிழித்து விடுங்கள். வேறொன்றை எழுதித் தருகிறேன், நான் உயிரோடு திரும்பினால். வானம்பாடிகளே, எழுந்திருங்கள். விசில் வெர்னாவிடம் இருக்கிறது. கையைத் தாழ்த்துங்கள். முன்னால் போகிறவளைப் பாருங்கள். வணக்கம்.