விரல் படாத துப்பாக்கி

தாடிக்கொம்புப் பெருமாளைச் சேவித்துவிட்டு, பாசுரம் ஒன்றை முணுமுணுத்தபடி திண்டுக்கல் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். மடியில் நீண்ட அட்டைப்பெட்டியோடு முன்னிருக்கையில் இருந்தவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

"விசையில நான் விரலே வைக்கல அப்பு. குண்டைப் போட்டு லீவரை மூடுனேன், தானா வெடிச்சிருச்சு."

"பன்றி விரட்ட வாங்குன புதுத் துப்பாக்கியா? அன்னிக்குத் தண்ணி போட்டிருந்தியாக்கும்."

"ஆண்டவர் மேல ஆணையா இல்ல. சோதிச்சாச்சுன்னு கம்பெனிக்காரன் கையெழுத்துப் போட்ட சீட்டு பெட்டிக்குள்ளயே கெடக்கு. கடைக்குத்தான் திருப்பிக் கொண்டு போறேன்."

"கையெழுத்துப் போட்டவன் அதைக் கண்ணாலயே பாத்திருக்க மாட்டான்."

"என் மச்சான் சவரியும் இதே துப்பாக்கிதான் வாங்கிருக்கான். கோயில்ல மந்திரிக்காம எதையும் தொட மாட்டான். இன்னிக்குப் பூசை முடிஞ்சதும் முதல் குண்டைப் போடுவேன்னான். காலைல இருந்து போனை எடுக்கல."

"மந்திரிச்சா லீவர் சரியாப் போயிருமாக்கும்!"

பெட்டிக்காரர் கைப்பேசியை எடுத்தார். மச்சானை மறுபடி அழைத்து, ஒலிபெருக்கியில் வைத்தார். ஒரு சிறுமி எடுத்தாள்.

"மாமா, அப்பா குண்டு போடுறாரு. நாங்க எல்லாரும் சுத்தி நிக்கிறோம்."

"மூட வேணாம்னு சொல்லு தாயி! லீவரை மூட வேணாம்னு சொல்லு!"

இரும்பு மூடும் ஒலி கேட்டது. உடனே வெடி. என் பாசுரம் பாதியில் நின்றது.

பிறகு அந்தச் சிறுமியின் குரல் மெல்ல வந்தது.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல மாமா. ஆனா, அப்பா விரலே வைக்கல."