கதவோர சீட்டு

— இறங்கி வா பாசிங். விமானத்தை அறுக்க வெளிய ரம்பத்தோட ஆளுங்க நிக்கிறாங்க.

— நிக்கட்டும். இத்தனை வருஷம் டிக்கெட் வாங்கி உக்காந்த சீட்டு. இன்னைக்கு ஓசியில கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன்.

— எல்லாம் என் சம்பளத்துல வாங்கின டிக்கெட்.

— சொல்லிக் காட்டுறியா பிலோ?

— இல்லடி. சரி, கேளு. நானும்தான் இந்த விமானத்தோட மாரடிச்சேன். சண்டை முடிஞ்சு அமெரிக்காக்காரன் வித்துட்டுப் போனப்ப உள்ள ஒரு நல்ல சீட்டு கிடையாது. ரெண்டு பக்கமும் வெறும் தகரப் பலகை. நான்தான் சீட்டு மாட்டினேன், ஜன்னலுக்குத் திரை போட்டேன், பட்டாளப் பச்சை மேல வெள்ளை பெயிண்ட் அடிச்சேன். அப்புறம் பாரு, இலோய்லோவுல இருந்து மணிலாவுக்கு பிஷப் போனார், கல்யாணப் பொண்ணு போனா, சண்டைச் சேவல்கூட மடியில உக்காந்து போச்சு!

— சண்டையில என் முதல் புருஷன் போனதை மட்டும் விட்டுட்டியே. மாரியானோ பேரைச் சொல்ல உனக்கு வாய் வராதே.

— அவன் பேருதான் நம்ம வீட்டுல தினமும் அடிபடுதே. எனக்கு ‘நீ’, அவனுக்கு ‘அவர்’.

— வயித்துல குண்டோட போனார்யா. இதோ, இந்தக் கதவோரம்தான் படுக்க வச்சிருந்தாங்களாம். லேய்த்தே தீவு ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள உசுரு போயிடுச்சு. எங்க புதைச்சாங்கன்னு இன்னைவரைக்கும் ஒருத்தனும் சொல்லலை. உக்காந்து அழ எனக்கு உடம்புகூடக் கிடைக்கலை.

— தெரியும்மா.

— இந்தத் தகட்டுல பெல்ட் கொக்கியால என் பேரைக் கீறியிருக்கார். தொட்டுப் பாரு.

— நான் தொடாததா? ஒவ்வொரு தடவை பெயிண்ட் அடிக்கறப்பவும் அந்த இடத்தை மட்டும் எவனையும் சுரண்ட விட்டதில்லை.

— நீயா?

— வேற யாரு?

— பிலோ, சாவு வீட்டுல இருந்து நேரா வீட்டுக்கு வரக்கூடாது, வழியில எங்கயாவது நின்னுட்டு வரணும், இல்லேன்னா செத்தவங்க கூடவே வந்துடுவாங்கன்னு நம்ம ஊர்ல சொல்றாங்கல்ல? நான் இதுல இருந்து இறங்கற ஒவ்வொரு தடவையும் எங்கயும் நிக்காம ஓடி வருவேன். வரட்டும்னு. வாசக்கதவைத் திறந்தே போட்டு வைப்பேன். அவர் வரவே இல்லை. இதுக்குள்ளயே கிடக்கார். இதை உருக்கிச் சட்டி பானை பண்ணிட்டா அவர் எங்கய்யா போவார்?

— நேரமாச்சு பாசிங்.

— என்ன அவசரம்? பசியா? போ, உன் பாட்சோய் கடை திறந்திருக்கும். இதுல வேலை பார்த்துட்டு வர்ற அன்னைக்கெல்லாம் அங்க நின்னு ஒரு கிண்ணம் நூடுல்ஸ் தின்னாத்தான் உனக்கு வீட்டுப் படி ஏற முடியும். என் சோறு ஆறிப்போய்க் கிடக்கும்.

— இன்னைக்கு அங்க நிக்க வேணாம்.

— ஏன், கடைக்காரி விரட்டிட்டாளா?

— சரி, கேளு. உன் பேர் இருக்கற தகட்டை மட்டும் தனியா வெட்டித் தரச் சொல்லியிருக்கேன். நீ மடியில வச்சுக்கோ. எங்கயும் நிக்காம நேரா வீட்டுக்குப் போவோம்.

— பிலோ… அப்ப, இத்தனை வருஷமா நீ அந்தக் கடையில நின்னது பசிக்கு இல்லையா?

— எழுந்திரு பாசிங். வீட்டுக்குப் போய் அவருக்கும் சேர்த்து மூணு தட்டு வை.